பொருத்தம் பார்க்கும் மாடி

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில் அவளுக்கு ஒரு மடிக்கணினி கொடுத்தார்கள். அதன் மூடியைச் சுற்றி மஞ்சள் நாடா ஒட்டி, நாடாவின் மேல் முத்திரை குத்தியிருந்தார்கள். 'துறை பொருந்தும் வரை திறக்கக் கூடாது' என்றது முத்திரை.

"திறக்கக் கூடாதுன்னா எதுக்கு சார் குடுக்கறீங்க?" என்று கேட்டாள்.

"தூக்கிப் பழகணும்ல," என்றார் கொடுத்தவர்.

வீட்டில் அவளைத் துருதுரு என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் கை எதையாவது நோண்டும். ஒரு மருந்துக் கடையின் பின்னறையில் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவள், சாயங்கால வகுப்புக்குப் போய்க் கம்ப்யூட்டரில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். கடைக்கு ஒரு சின்ன மென்பொருளும் எழுதிக் கொடுத்தாள். காலாவதியான மருந்துகளை அது தனியே காட்டும். சில நாள் காலாவதியாகாத மருந்துகளையும் காட்டும். இருந்தாலும் கடைக்காரர் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

கடை வேலையை விட்டுவிட்டு மென்பொருள் நிறுவனத்துக்குப் போகிறேன் என்று அவள் சொன்னபோது அண்ணன் குறுக்கே நின்றான். அவன் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் மாட்டிக்கொள்கிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பயந்த மனம். அண்ணிதான் சண்டை போட்டாள். "அவ மூளைக்கு அந்த மாத்திரை டப்பா பத்தாதுங்க. போகட்டும் விடுங்க. அவ ஒண்ணும் ஆகலன்னா என்னைக் கேளுங்க" என்று அடித்துச் சொன்னாள். பயிற்சிக் காலம் முடிவதற்குள் துறை பொருந்தாதவர்களை நிறுவனம் வீட்டுக்கு அனுப்பிவிடும் என்பது அப்போது இருவருக்கும் தெரியாது.

அந்த நிறுவனத்தில் ஆதியில் எல்லா மாடிகளிலும் மென்பொருள்தான் எழுதினார்கள். புதிதாக வந்தவர்கள், "எனக்கு எது ஒத்துவரும்? ஃப்ரன்ட் எண்டா, பேக் எண்டா, டெஸ்டிங்கா, மொபைல் ஆப்பா?" என்று அடிக்கடி கேட்டதால், பதில் சொல்ல ஐந்தாம் மாடியில் ஒரு மேசை போட்டார்கள். மேசைக்கு ஓர் ஆள் வந்தார். ஆளுக்கு உதவியாளர் வந்தார். உதவியாளரைக் கண்காணிக்க ஒரு குழு வந்தது. இப்போது பொருத்தத் துறை கட்டடத்தின் பெரும்பகுதியைப் பிடித்திருந்தது. நிரல் எழுதுகிறவர்களை நிலவறையில், வாகனங்கள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில், ஜெனரேட்டரை ஒட்டி உட்கார வைத்திருந்தார்கள்.

பொருத்தத் துறை இயக்குநர் புதியவர்களை வரவேற்றுப் பேசினார். நல்ல உயரம், நல்ல சட்டை, எதற்கும் அவசரப்படாத குரல்.

"இந்த நிறுவனத்துல மென்பொருள் எழுதறது ரெண்டாவது வேலை. அதை யார் எழுதணும்னு கண்டுபிடிக்கறதுதான் முதல் வேலை. முதல் வேலையே இன்னும் முடியல. அதனால ரெண்டாவது வேலையில நாங்க அவசரப்படறதில்ல."

கைதட்டினார்கள். துருதுரு கையைத் தூக்கினாள்.

"சார், ஒவ்வொரு வேலையையும் கொஞ்ச நாள் செஞ்சு பாக்கலாமா? எது பிடிக்குது, எது பிடிக்கலன்னு தெரிஞ்சிடும்ல?"

முன்வரிசையில் இருந்த அதிகாரி ஒருவர் திரும்பி, கெட்ட வார்த்தை கேட்டவர்போல் அவளைப் பார்த்தார். இயக்குநர் மட்டும் கோபப்படவில்லை.

"நல்ல கேள்விம்மா. ஆனா செஞ்சு பாத்தவங்களுக்கு அந்த வேலை மேல ஆசையோ வெறுப்போ வந்துடும். அப்புறம் நாங்க நடத்தற சோதனை எப்படி நடுநிலையா இருக்கும்? எங்களுக்கு வேண்டியது அனுபவம் படாத மனசு. எனக்கே பாருங்க, இன்னிக்கு வரைக்கும் ஒரு வரி நிரல் எழுதினதில்ல. அதனாலதான் எல்லாத் துறையையும் ஒரே கண்ணால பாக்க முடியுது."

இந்த முறை எழுந்து நின்று கைதட்டினார்கள்.

முதல் சோதனை, கேள்வித்தாள். 'ஓர் அறைக்குள் நுழைந்ததும் நீங்கள் முதலில் பார்ப்பது எதை? அ. கதவை. ஆ. சுவரை. இ. உங்களை.' அவள் மூன்றையும் விட்டுவிட்டு, 'உட்கார இடம் இருக்கிறதா என்று பார்ப்பேன்' என எழுதினாள். அந்த விடைக்கு மதிப்பெண் போடும் முறை இல்லாததால் அவளுடைய தாளை ஒரு துணைக்குழுவுக்கு அனுப்பினார்கள். துணைக்குழு அவளைக் கூப்பிட்டு, எந்த மாதிரி இடம், ஜன்னல் ஓரமா, நடுவிலா என்று ஒரு காலை முழுவதும் விசாரித்தது.

காத்திருப்பு அறையில்தான், எல்லாரும் நிரந்தரம் என்று கூப்பிட்டவனை அவள் சந்தித்தாள். அவன் உண்மைப் பெயர் யாருக்கும் நினைவில்லை. பயிற்சிக்கு வந்தவர்களிலேயே மிக மூத்தவன் அவன். ஒவ்வொரு பருவமும் ஏதாவது ஒரு துறைக்குக் கொஞ்சம் பொருந்துவான், கொஞ்சம் பொருந்தாமல் போவான். அதனால் வீட்டுக்கு அனுப்பவும் முடியாமல் வேலைக்கு எடுக்கவும் முடியாமல் வைத்திருந்தார்கள். தனக்கென்று ஒரு குவளை, ஒரு தலையணை, ஜன்னலோரம் ஒரு செடி வைத்திருந்தான்.

"பதட்டப்படாத தங்கச்சி," என்றான். "இங்க வேலை தெரியறது பெரிசில்ல, சோதனை தெரியணும். அடுத்தது உள்குரல் அறை. உள்ள போனதும் கண்ண மூடிக்கோ, முகத்த லேசா சாய்ச்சு வெச்சுக்கோ. குரல் கேக்குதான்னு கேட்டா, தூரத்துல கேக்குதுன்னு சொல்லு."

"நிஜமாவே கேக்குமா?"

"எனக்கு ஏசி சத்தம் கேக்கும்."

உள்குரல் அறையில் அவளைத் தனியாக உட்கார வைத்தார்கள். எந்தத் துறை அவளை அழைக்கிறது என்று உள்ளேயிருந்து ஒரு குரல் சொல்லும்வரை அசையக் கூடாது. அவளுக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை. உடம்பெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. வலது கால் தானாக ஆடத் தொடங்கியது. கண்ணாடிக்கு அப்பாலிருந்த அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாலையில் முடிவு வந்தது: கால் ஓயாமல் அசைவதால் மொபைல் துறைக்குப் பொருத்தம்.

அண்ணி தெருவிலிருந்த எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். "மொபைலாம். பெரிய பிரிவாம்." மறுநாள் முடிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மேல்முறையீட்டுக் குழு அந்த அறையின் வீடியோவைப் போட்டுப் பார்த்ததில், ஆடியது ஒரு கால்தான் என்று தெரிந்ததாம். மொபைல் துறைக்கு இரண்டும் ஆட வேண்டும்.

அடுத்து, துறைத் தலைவர்களுடன் சந்திப்பு. எந்தத் தலைவரின் பேச்சைக் கேட்டு யாருக்கு நாடித்துடிப்பு ஏறுகிறது என்று பார்க்க, பயிற்சியாளர்களின் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டினார்கள். மக்கள் கண்ணால் பார்க்கும் திரைகளைச் செய்வது ஃப்ரன்ட் எண்ட். அதன் தலைவி முதலில் பேசினார்.

"திரைக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் மாட்டேன். அதுதான் எங்க ஒழுக்கம். எங்க பொத்தான் அழுத்தறதுக்கு இதமா இருக்கும். அழுத்தினா ஏதாவது நடக்கணுங்கறது உங்க பேராசை."

திரைக்குப் பின்னால் தகவலையும் கணக்கையும் பார்த்துக்கொள்வது பேக் எண்ட். அதன் தலைவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி பேசினார். "பயனாளிங்கறவர ஒரே ஒரு தடவ நேர்ல பாத்திருக்கேன். தப்புத் தப்பா அழுத்திட்டிருந்தார். அதுலேருந்து நான் மனுஷங்களோட வெச்சுக்கறதில்ல."

டெஸ்டிங் தலைவர் இருவரையும்விடச் சுருக்கமாக முடித்தார். "நாங்க தப்பு கண்டுபிடிப்போம். ஆனா கண்டுபிடிச்ச தப்ப யாரும் திருத்திடக் கூடாது. திருத்திட்டா அடுத்த தடவ நாங்க எதைக் கண்டுபிடிக்கறது?"

துருதுருவின் நாடித்துடிப்பு மூவர் பேசும்போதும் ஒரே மாதிரி ஏறியிருந்தது. அது கோபத்தால் என்று அவள் சொன்னாள். பட்டைக்குக் கோபம் தெரியாது என்றார்கள்.

அந்த வாரக் கடைசியில் பொருத்தத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்துவிட்டார். வீட்டுச் சூழலில் விண்ணப்பதாரர் எப்படி இயங்குகிறார் என்று பார்க்க வேண்டுமாம். அண்ணி அவருக்குக் காபி கொடுத்தாள்.

"வீட்டுல இவங்க பாத்திரங்கள அடுக்கும்போது பாக்க அழகா அடுக்குவாங்களா, இல்ல எடுக்க வசதியா அடுக்குவாங்களா?"

"அவ எங்க சார் அடுக்கறா? கழுவறதும் நான், அடுக்கறதும் நான்."

அதிகாரி குறித்துக்கொண்டார். "அப்ப வேலையை வேற ஆளுக்குத் தள்ளிவிடற குணம் இருக்கு. மேலாண்மைத் துறைக்கு நல்லது."

அண்ணன் குறுக்கிட்டான். "ஏங்க, எங்க வேலைக்கு ஒரு பையன் வந்தான்னா, கையில ஸ்பேனரக் குடுத்து, கூட நிறுத்தி வெச்சுப் பாப்போம். ரெண்டு மாசத்துல அவனுக்கே தெரிஞ்சிடும், மோட்டார் பக்கம் போறதா, வயரிங் பக்கம் போறதான்னு. நீங்க ஏன் அப்படிப் பண்ணக் கூடாது?"

"லிஃப்ட் மேல கீழ மட்டுந்தான சார் போகும்?" என்று அதிகாரி பொறுமையாகச் சிரித்தார். "மென்பொருள் எல்லாப் பக்கமும் போகும்."

அவர் போன பிறகு அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அந்தப் பார்வைதான் துருதுருவுக்குத் தாங்கவில்லை. அண்ணி அடுப்படியிலிருந்து கத்தினாள்: "அப்படிப் பாக்காதீங்க. இன்னும் பயிற்சிக் காலம் முடியல."

முடிய அதிக நாளும் இல்லை. அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. காத்திருப்பு அறையில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தாள். நாடா சுற்றிய கணினியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தாள். நிரந்தரம் தன் செடியைத் தள்ளி வைத்துக்கொண்டான்.

அப்படி நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் அறையின் தொலைபேசி அடித்தது.

"எடுக்காத," என்றான் நிரந்தரம். "நமக்குத் துறை கிடையாது. நாம பேசினா அது யார் பேச்சுன்னே கணக்குல வராது."

அவள் எடுத்தாள். மறுமுனையில் ஒரு பெண். ஏதோ மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருப்பவள். காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"யாரும்மா நீ? ஃப்ரன்ட்டா, பேக்கா? யாரா வேணா இரு, போன மட்டும் வேற யாருக்கும் மாத்தி விட்டுடாத! உங்க சாப்ட்வேர் இன்னிக்கு வர்ற எல்லாருக்கும் காலையில ஒரே நேரத்தப் போட்டுக் குடுத்திருக்கு. பல் வலிக்காரரும் கண் வலிக்காரரும் பிரசவத்துக்கு வந்த பொண்ணும் ஒரே நாற்காலிக்கு அடிச்சுக்கறாங்க. டாக்டர் பயந்துபோய் உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டாரு!"

"இருங்கக்கா, லைன்லயே இருங்க," என்று சொல்லிவிட்டு அவள் நிலவறைக்கு ஓடினாள்.

"திரையில நேரம் தெரியுதா? எழுத்து தெளிவா இருக்கா?" என்று கேட்டார்கள் ஃப்ரன்ட் எண்டில்.

"தெரியுது. ஆனா எல்லாருக்கும் ஒரே நேரம்."

"அழகாத் தெரியுதுல்ல? அப்ப எங்க வேலை முடிஞ்சுது."

பேக் எண்டில், "நாங்க ஒவ்வொருத்தருக்கும் வேற வேற நேரத்தைத்தான் அனுப்பறோம். எங்க வாசலத் தாண்டினதுக்கப்புறம் அதுக்கு என்ன ஆகுதுன்னு நாங்க ஏன் பாக்கணும்?" என்றார்கள். டெஸ்டிங்கில் அந்தத் தவறை ஏற்கெனவே கண்டுபிடித்து, அதற்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும் வாங்கி மாட்டியிருந்தார்கள்.

அவள் மேலே வந்தாள். தொலைபேசியில் அந்த அக்கா யாரையோ வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. துருதுரு மேசை மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்து நாடாவை வெட்டினாள்.

நிரந்தரம் எழுந்து நின்றுவிட்டான். "தங்கச்சி, வேண்டாம்! இத்தன வருஷத்துல ஒருத்தரும் அதத் திறந்ததில்ல."

"கதவ மட்டும் சாத்துங்கண்ணே."

கணினிக்குள் நுழையும் கடவுச்சொல் நடைபாதைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. பயன்படுத்த யாரும் இல்லாததால் அதை ரகசியமாக வைக்க வேண்டிய அவசியம் நேரவில்லை.

முதலில் அவள் திரைப் பக்கத்தில் எதையோ மாற்றினாள். மருத்துவமனையில் எல்லாருடைய நேரமும் மொத்தமாக மறைந்துபோனது. அக்கா போட்ட சத்தம் காத்திருப்பு அறையின் மூலைவரை கேட்டது. மாற்றியதைப் பழையபடி ஆக்கினாள். பின்பக்கம் என்ன அனுப்புகிறது என்று தோண்டிப் பார்த்தாள். அக்காவிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டாள்: எப்போதிலிருந்து, எல்லாப் பிரிவிலுமா, நேற்று சரியாக இருந்ததா. சாயங்காலம் நெருங்கும்போது பிடிபட்டது. பின்பக்கத்துக்காரர்கள் நேரத்தோடு தேதியையும் சேர்த்து அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். யாரிடமும் சொல்லவில்லை. திரைக்கு அது புரியவில்லை. புரியாததற்கெல்லாம் மருத்துவமனை திறக்கும் நேரத்தையே போட்டுவிட்டது. அவள் தேதியைத் தனியே பிரித்துவிட்டாள்.

"அக்கா, இப்ப பாருங்க."

மறுமுனையில் விசைகளைத் தட்டும் சத்தம். பிறகு, "வந்துடுச்சும்மா," என்ற குரல் மட்டும் கேட்டது. "எல்லாருக்கும் தனித்தனியா வந்துடுச்சு. நான் ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வரேன்."

துருதுரு நிமிர்ந்தபோது கழுத்து வலித்தது. மத்தியானம் முழுவதும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அது அவளுக்கே நம்ப முடியாமல் இருந்தது.

மறுநாள் விசாரணை. குற்றம், துறை பொருந்தாமல் ஒரே மத்தியானத்தில் பல துறைகளைத் தொட்டது. நீள மேசைக்குப் பின்னால் இயக்குநரும் துறைத் தலைவர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"மருத்துவமனை நன்றி சொல்லியிருக்கு. அது உண்மைதான்," என்றார் இயக்குநர். "ஆனா எங்க கவலை வேற. தகுதி இல்லாத ஒருத்தர் ஒரு வேலையச் சரியா செஞ்சுட்டா, தகுதின்னு நாங்க சொல்றது என்னாகும்? தப்பா செஞ்சிருந்தீங்கன்னா மன்னிச்சிருப்போம்மா."

"நடுவுல கொஞ்ச நேரம் தப்பாவும் செஞ்சேன் சார்," என்றாள் அவள். உதவியாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னாள்.

அவர்கள் எழுந்து போய்க் கலந்து பேசினார்கள். திரும்பி வந்தபோது எல்லார் முகத்திலும் வெளிச்சம். சரியாக முடிந்த ஒரு வேலை எந்தத் துறையிலும் சேராது என்றால், அது சேர ஒரு துறை இருந்தே ஆக வேண்டும். அதற்கு 'இடைத்துறை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்குத் தலைவர் ஒருவர் வேண்டும். தலைவருக்குப் பொருத்தச் சோதனை வேண்டும். நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒரே ஆளான நிரந்தரத்தின் வாக்குமூலத்தை வைத்துச் சோதனையைத் தயாரிப்பார்கள்.

"கவலைப்படாத," என்று வெளியே வந்ததும் நிரந்தரம் அவள் காதில் சொன்னான். "நீ செஞ்சத அப்படியே சொல்லியிருக்கேன். உனக்குன்னே தச்ச சட்டை மாதிரி இருக்கும் இந்தச் சோதனை."

சோதனைக்கு இருவரைக் கூப்பிட்டார்கள். மேசையில் நாடா சுற்றிய கணினி, கத்தரிக்கோல், மேசையின் மறுபக்கத்தோடு மட்டும் இணைத்த தொலைபேசி. முதலில் துருதுரு போனாள். தொலைபேசி அடித்தது. எடுத்தாள். ஓர் அதிகாரி மறுபக்கம் நின்று தாளைப் பார்த்து, "ஐயோ, அம்மா, வரிசை, குழந்தை," என்று படித்தார்.

"எது கெட்டுப்போச்சு சார்?" என்று கேட்டாள்.

"எதுவும் கெடல. இது சோதனை."

"எதுவும் கெடலன்னா நான் எதைச் சரி பண்ண?"

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அதிகாரிகள் காத்திருந்தார்கள். நேரம் முடிந்தது.

அடுத்து நிரந்தரம். தொலைபேசியை அவன் எடுத்த வேகத்தில், கூடவே கொண்டுவந்திருந்த குவளை உருண்டது. நாடாவை அவன் வெட்டிய அழகைப் பார்த்து இரண்டு அதிகாரிகள் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். "இருங்கக்கா, லைன்லயே இருங்க!" என்று அவன் கத்தியபோது நெற்றியில் நிஜமாகவே வியர்வை துளிர்த்தது. கணினியைத் திறந்து, அணைந்திருந்த திரையையே உற்றுப் பார்த்தான். முடிவில் கழுத்தைத் தடவிக்கொண்டான்.

இடைத்துறைத் தலைவராக நிரந்தரம் நியமிக்கப்பட்டான். துருதுருவுக்குப் பயிற்சிக் காலம் முடிந்தது.

வாசலில் அவன் ஓடிவந்து அவள் முன்னால் நின்றான். புதுச் சட்டை போட்டிருந்தான். பார்க்கப் பாவமாக இருந்தது. "நான் தோத்துடலாம்னுதான் போனேன் தங்கச்சி. ஆனா அந்த அறைக்குள்ள போனதும் எனக்கு வேற மாதிரி நடந்துக்கத் தெரியல."

"நல்லாத்தான் பண்ணீங்க," என்றாள். அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. அண்ணியை நினைத்ததும் அழுகை மட்டும் மிஞ்சியது.

வீட்டில் சொன்னாள். அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். அண்ணி அவனைப் பேசவிடவில்லை.

"அந்த ஆஸ்பத்திரிக்கார அம்மா நம்பர் இருக்கா உங்கிட்ட?"

"இருக்கு அண்ணி. எதுக்கு?"

"எதுக்கா? கெட்டுப்போனது ஒண்ணு நல்லாச்சு. அத நல்லாக்கினது நீ. அது அந்தம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உனக்கு மட்டுந்தான் தெரியல. எடு போன."

மருத்துவமனையில் கணினிகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரைத் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். வரவேற்பு மேசை அக்கா அவளை அழைத்துப்போய், மருந்து அலமாரிகளுக்கும் படுக்கை விரிப்புக் குவியலுக்கும் நடுவில் ஒரு மேசையைக் காட்டினாள். வேலை இன்னதென்று யாரும் வரையறுத்துச் சொல்லவில்லை. ஒருநாள் அச்சுப்பொறி, ஒருநாள் நோயாளிகளின் தகவல், ஒருநாள் சீட்டு கொடுக்கும் திரை. பல தடவை தப்பு செய்தாள். இரண்டு தடவை கண் பிரிவின் மொத்த வரிசையையும் காது மூக்குத் தொண்டைக்கு அனுப்பிவிட்டாள். ஏச்சு வாங்கினாள். வீட்டுக்கு வந்து அண்ணியிடம் அதையெல்லாம் நடித்துக் காட்டினாள். அண்ணன் முதலில் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தான், பிறகு நேராகவே சிரித்தான்.

நோயாளிகளின் தகவல் கலைந்து கிடக்கும் நாட்களில் அவள் சாப்பிட மறந்தாள். யாருடைய பழைய விவரம் யாருடையதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நூல் பிரிப்பதுபோல் பிரித்துக்கொண்டே இருப்பாள். கூப்பிட்டால் காதில் விழாது. திரை வேலை வந்தால் மட்டும் அடிக்கடி தண்ணீர் குடிக்க எழுந்து போவாள். இதை யாரும் பட்டை கட்டிப் பார்க்கவில்லை. அவளே கவனிக்கவில்லை.

ஒருநாள் அக்கா மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். "ஏம்மா, அந்தச் சீட்டுத் திரையில பொத்தானெல்லாம் கன்னாபின்னான்னு இருக்கு. வயசானவங்க எதை அழுத்தறதுன்னு தெரியாம நிக்கறாங்க. சொல்லி எவ்வளவு நாளாச்சு? கலர மாத்தி, அழகா அடுக்கிக் குடேன்."

துருதுரு திரையைப் பார்த்தாள். ஏற்கெனவே நாலைந்து விதமாக மாற்றிப் பார்த்திருந்தாள். ஒவ்வொரு முறையும் முன்பைவிட அசிங்கமாகத்தான் ஆகியிருந்தது.

"அக்கா, அது எனக்கு வராதுக்கா," என்றாள். "செஞ்சு பாத்துட்டேன். வேற யாராவது நல்லா செய்யறவங்களக் கூப்பிடுங்க. பின்னால இருக்கற தகவல் எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்."

சம்பள உயர்வு கிடைத்தவர்கள் சேதி சொல்கிற குரலில் அதைச் சொன்னாள். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "வராதுங்கறத இவ்வளவு சந்தோஷமா சொல்ற ஆள இப்பத்தான் பாக்கறேன்," என்று தலையில் தட்டிவிட்டுப் போனாள்.